பாய்ப்படகுப் படம் பார்த்தேன்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பாஸ்டனிலிருந்து நீ அனுப்பிய படத்தால் அம்மாவுக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. நீந்தத் தெரியாதவளுக்குப் பாய்ப்படகு எதற்கு என்று மூன்று நாளாக என்னைத்தான் கேட்கிறாள். அவளுக்குத் தலையாட்டிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரப் படகு. பின்பக்கம் குட்டையாக இன்னொரு பாய்மரம். நல்ல படகுதான்.

நீ சுற்றிவந்த அந்தக் கடலில் இதே ஜாதிப் படகுகள் இரண்டாம் உலகப் போருக்கே போயிருக்கின்றன. 1942 ஜனவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கரைக்கே வந்துவிட்டன. கரையோர ஊர்களில் விளக்கை அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரிந்த சரக்குக் கப்பல்களை வரிசையாகச் சுட்டு மூழ்கடித்தார்கள். காவலுக்குக் கப்பல் பற்றவில்லை. யாட் வைத்திருந்த பணக்காரர்கள் தங்கள் படகுகளைத் தருவதாகச் சொன்னார்கள். கடற்படைக்கு முதலில் சிரிப்புதான் வந்திருக்கும், வேண்டாமென்றது. மே மாதம் வேறு வழியில்லாமல் கடலோரக் காவல் படை மூலம் சேர்த்துக்கொண்டது. சாம்பல் நிறம் பூசி, ஒரு துப்பாக்கியைப் பொருத்தி அனுப்பினார்கள். வயது தாண்டியவர்கள், கண் பார்வை சரியில்லை என்று கடற்படை திருப்பி அனுப்பியவர்கள் எல்லாம் ஏறினார்கள். ஊர் வைத்த பெயர் 'போக்கிரிக் கடற்படை'.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் காதால்தான் பார்க்கும். பாய் விரித்த படகில் புரொப்பெல்லர் சுற்றாது, அதனால் நீர்மூழ்கியின் காதில் அநேகமாக எதுவும் விழாது. இவர்களோ ஒலிவாங்கியைத் தண்ணீரில் இறக்கி அதைக் கேட்கலாம். இஞ்சின் ரூமில் 28 வருடம் காதைத் தொலைத்தவனுக்கு இது எப்படி இனிக்கும் என்று உனக்குத் தெரியும். நீ போனில் பேசுவது பாதி புரியாமல்தானே இந்தக் கடிதமே.

மூழ்கடிப்பது அவர்கள் முக்கிய வேலையில்லை. பார்ப்பது, கேட்பது, வயர்லெஸ்ஸில் சொல்வதுதான் முதல் வேலை. இரவில் மேலே வந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் நீர்மூழ்கிக்கு, யாரோ பார்க்கிறார்கள் என்பதே தொல்லை.

அதைவிடப் பெரிய எதிரி வாடைக்காலம். 1942 டிசம்பரில் ஜைடா என்ற படகு, ஏறக்குறைய 60 அடி, நான்டக்கெட் தீவுக்கு அப்பால் புயலில் சிக்கியது. ஒன்பது பேர். கப்பலும் விமானமும் தேட, அது தெற்கே அடித்துக்கொண்டே போனது. மூன்று வாரம் கழித்து வட கரோலினா கரைக்கு அப்பால் ஒரு காவல் வான்கப்பல் (வாயு நிரப்பிய பெரிய பலூன் போல பறப்பது) கண்டுபிடித்தது. ஒன்பது பேரும் உயிரோடு இருந்தார்கள். ஜைடாவிலும் உன் படகு போலவே பின்னால் குட்டைப் பாய்மரம் உண்டு.

இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் உளறிவைக்காதே. அடுத்த முறை போனால் லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு படம் அனுப்பு, அவளிடம் காட்டணும். அப்புறம், அந்தப் படகு எந்த வருஷம் கட்டியது என்று அதன் சொந்தக்காரரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா