பத்தில் மூன்று

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கிணற்றடி மரத்தில் தேங்காய் இறக்கியாயிற்று, உன் பங்கை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். போன் பண்ணினால் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது சார்ஜர் தேடி உன் பையைத் திறந்தேன். கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் மூன்றுதான் எடுத்திருந்தாய். நாலாவது குழியில் நகம் பட்ட தடம் இருந்தது, பிரிக்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

45 வயதில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாய். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் நம் வீட்டு ரத்தம் உனக்குத் தெரியும். பெரியப்பா எவ்வளவு ஒல்லி! கடைசியில் உன்னையே "தம்பி யாரு" என்று கேட்டாரே.

மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

சரி, சொல்லிவிடுகிறேன். நிறுத்த வைத்தது நான்தான். 'மூளைக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், மாத்திரை போட்டால் ஞாபகம் போகும்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பெரியப்பா நினைப்பில் பயந்து உனக்கு அனுப்பினேன். முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன், ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

போன வாரம் டாக்டரிடம் கேட்டேன். உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் சுமார் 20 சதவீதம் அங்கே இருக்கிறது. பெரும்பகுதி நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறையில், மின்கம்பிக்கு மேலுறை மாதிரி. அதுவரை உண்மை. ஆனால் அதை மூளை தனக்குத்தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், அங்கே நுழைவதில்லை. அது ரத்தக்குழாய்ச் சுவரில்தான் படிகிறது, மூளைக்குப் போகும் குழாயிலும்தான். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நடுவயதில் எல்டிஎல் கூடுவதையும் மறதி நோய்க்கான ஆபத்துகளில் சேர்த்துவிட்டது. நான் எதற்குப் பயந்து அனுப்பினேனோ அதன் பக்கமே உன்னைத் தள்ளியிருக்கிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லையடா.

டாக்டரைப் போய்ப் பார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரிடமே சொல், மாற்றித் தருவார். நீயாக நிறுத்தாதே. சுதாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனை செய்ததும் எல்டிஎல் எவ்வளவு என்று நம்பரை மட்டுமாவது அனுப்பு.

அப்பா