காதருக்கு, இன்னோம் பள்ளத்தாக்கு பத்தி

மாப்ள காதர்,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத, நீ கேட்டது ரெண்டு வரில டைப் பண்ணி அனுப்புற விஷயமா என்ன? இங்க எல்லாரும் சுகம். வீட்டுக்கு வெள்ளை அடிச்சு முடிச்சாச்சு, சுகர் மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, அது இருக்கட்டும். நரகத்துக்கு நீங்க சொல்ற ஜஹன்னம்ங்கிற பேரும் எங்க பைபிள்ல வர்ற கெஹன்னாவும் ஒண்ணாடான்னு கேட்டிருந்த. ஒண்ணேதான்டா. அதுமட்டுமில்ல, அதுக்கு அட்ரஸே இருக்கு, சபையோட ஜெருசலேம் போனப்ப நான் கண்ணால பாத்தேன்.

இன்னோம் பள்ளத்தாக்குன்னு பேரு. பழைய நகரத்துல யோப்பா வாசல் பக்கம் ஆரம்பிச்சு, மதிலுக்கு மேக்கால தெக்க இறங்கி, சீயோன் மலை அடிவாரத்துல கிழக்க திரும்பி, கீழ கீதரோன் ஓடையோட போய்ச் சேருது. பாத்தா பயப்பட ஒண்ணுமே இல்ல, ஒலிவ மரம், புல்லு, பாறை, நடுவுல சுல்தான் குளம்னு ஒரு பழைய குளம், அதுக்குள்ள இப்ப மேடை போட்டு கச்சேரி நடத்துறாங்க! நரகத்துல பாட்டுக் கச்சேரின்னு நான் சொன்னதுக்கு பாஸ்டர் ஒரு முறை முறைச்சார் பாரு.

எபிரெயத்துல கே-பென்-ஹின்னோம். 'கே'ன்னா பள்ளத்தாக்கு, 'பென்'னா மகன், ஹின்னோமோட மகன் பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். நம்ம ஊர்ல ஒருத்தர் பேர்ல ஓடை, வயக்காடு எல்லாம் இருக்குமே அந்த மாதிரி எவனோ ஒரு நிலக்காரன் பேரா இருக்கும். யோசுவா புத்தகத்துல யூதா கோத்திரத்துக்கும் பென்யமீன் கோத்திரத்துக்கும் நடுவுல எல்லை எதுன்னு சொல்றப்ப சர்வேயர் எழுதுற மாதிரி இந்தப் பேரு சாதாரணமா வந்துட்டுப் போகுது. நெருப்பும் இல்ல, புழுவும் இல்ல.

பேரு கெட்டது அதுக்கப்புறம். அங்க தோப்பேத்னு ஒரு மேடை கட்டி பெத்த பிள்ளைங்களையே மோளேகுங்கிற சாமிக்குன்னு தீயில போட்டாங்க, யாரோ காட்டுமிராண்டி இல்லடா, ஆகாஸ், மனாசேன்னு எருசலேம்ல உக்காந்து ஆண்ட ராஜாக்களே தங்க சொந்தப் பிள்ளைங்கள அப்படிப் பண்ணினாங்கன்னு பைபிளே சொல்லுது. பின்னால யோசியா ராஜா வந்து இனி எவனும் அங்க பிள்ளைய பலி குடுக்கக் கூடாதுன்னு அந்த இடத்தையே தீட்டாக்கிப் போட்டான். எரேமியா தீர்க்கதரிசி ஊர்ப் பெரியவங்களையும் ஆசாரியர்களையும் அந்தப் பள்ளத்தாக்குக்கே கூட்டிட்டுப் போய், குயவன்கிட்ட வாங்கின கலசத்த அவங்க கண்ணு முன்னால போட்டு உடைச்சு, இந்த ஊரும் இப்படித்தான் உடையும், இந்த இடத்துக்கு இனி பேரு சங்காரப் பள்ளத்தாக்குன்னு சொல்லிட்டு வந்தார். கர்த்தர் சொன்னதா அவர் சொல்ற வார்த்தைதான் எனக்கு எப்பவும் தொண்டைல நிக்கும், இத நான் கட்டளையிடவும் இல்ல, என் மனசுல அப்படி ஒண்ணு தோணவும் இல்லன்னு.

நம்ம ஸ்கூல் பைபிள் கிளாஸ்ல (நீ வெளிய கிரிக்கெட் ஆடிட்டு இருப்ப) கெஹன்னான்னா ஊர்க் குப்பைக் கிடங்கு, ராத்திரி பகலா குப்பை எரிஞ்சிட்டே இருக்கும், அதான் நரகத்துக்கு அந்தப் பேருன்னு சொல்லிக் குடுத்தாங்க. இன்னிக்கும் பிரசங்கத்துல அதான் ஓடுது. ஆனா பழைய எழுத்து எதுலயும் அது கிடையாது, கி.பி. 1200 வாக்குல பிரான்ஸ் பக்கம் இருந்த டேவிட் கிம்ஹின்னு ஒரு யூத ரபிதான் சங்கீதத்துக்கு உரை எழுதுறப்ப முதல்ல சொல்றார், தோண்டிப் பாத்தவங்களுக்கும் அப்படி எரிஞ்ச குப்பை மேடு எதுவும் கிடைக்கல. குப்பைக் கதை எல்லாருக்கும் ஏன் பிடிச்சிருக்குன்னா அது சுலபமா இருக்கு, பிள்ளைங்கள எரிச்ச கதைய ஞாயித்துக்கிழமை காலைல யாரு கேப்பா? என்னக் கேட்டா நரகம்ங்கிற பேரு அந்த இடத்துக்கு வந்தது அந்தப் பிள்ளைங்களாலதான், குப்பையால இல்ல.

ஏனோக்கு புத்தகம்னு ஒரு பழைய யூத நூல்ல பேரு சொல்லாம சபிக்கப்பட்ட பள்ளத்தாக்குன்னு வருது. அப்புறம் இயேசு காலத்துக்கு அது மறுமைத் தண்டனைக்கே பேரா ஆயிட்டு. கிரேக்கத்துல கேயென்னான்னு எழுதினப்ப கடைசி 'ம்' உதிர்ந்துட்டு, உங்க அரபில ஜஹன்னம்னு அது பத்திரமா நிக்குது பாரு. புதிய ஏற்பாட்டுல இந்தச் சொல்லு 12 தடவை வருது, அதுல 11 இயேசு வாயிலருந்துதான். ஆனா தமிழ்ல நரகம், எரிநரகம்னு போட்டுட்டாங்க, அதனால எங்காளு வாசிக்கிறப்ப பள்ளத்தாக்கே கண்ணுல படாது. உங்க உம்மா நம்மளத் திட்டுனப்ப சொன்ன பேருதான் ஒரிஜினலுக்குக் கிட்ட!

இன்னொரு விஷயம் கேளு. அந்தப் பள்ளத்தாக்குக்கு மேல உள்ள சரிவுக்கு கேதேப் ஹின்னோம்னு பேரு, ஸ்காட்லாந்து சர்ச்சுக்குப் பின்னால இருக்கு. 1979ல கேப்ரியல் பார்கேன்னு ஒரு தொல்லியல்காரர் அங்க பாறையில வெட்டின பழைய கல்லறைகள தோண்டிட்டு இருந்தார். உதவிக்கு வந்த பசங்கள்ல 13 வயசுக்காரன் ஒருத்தன் நச்சரிச்சிட்டே இருந்தான்னு அவன ஒரு மூலைய சுத்தம் பண்ண விட்டாராம், அவன் போரடிச்சு சுத்தியலால தட்டப் போய் தரைன்னு நினைச்சது உடைஞ்சுது, பாத்தா அது மேல இருந்து இடிஞ்சு விழுந்த கல்லு, அதுக்குக் கீழ திருடன் கை படாத குவியல். அதுல சிகரெட் பில்டர் சைஸ்ல சுருட்டின ரெண்டு வெள்ளித் தகடு. உடையாம விரிக்கவே மூணு வருஷம் ஆச்சாம். பெருசு விரிச்சபிறகும் 10 சென்டிமீட்டர் கூட இல்ல, மேல ஊசியால கீறின மாதிரி பழைய எபிரெய எழுத்து. என்னன்னு வாசிச்சா, கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்ங்கிற எண்ணாகமம் 6ம் அதிகாரத்து ஆசீர்வாதம்! வயசு சுமார் 2600 வருஷம், சாக்கடல் பக்கம் குகைல கிடைச்ச பழைய பைபிள் சுருள்களுக்கே 400 வருஷம் முந்தினது, கிடைச்சதுலயே பழைய பைபிள் வரி இதான். கிட்டத்தட்ட எரேமியா காலம்டா மாப்ள. கீழ பிள்ளைய எரிச்ச பள்ளம், மேல செத்தவங்களோட காக்கக்கடவர்னு எழுதி வச்ச தாயத்து. உங்க ஆட்களும் தாயத்து கட்டுவீங்க, எங்க பாஸ்டருக்குத்தான் தாயத்துன்னாலே ஆகாது, இத என்ன சொல்வார்னு கேக்கணும்.

1948 சண்டையில இஸ்ரேல்காரங்க இதே பள்ளத்துக்கு மேல கம்பி கட்டி ராத்திரில சீயோன் மலைக்கு சாமானும் திரும்பி வரும்போது அடிபட்டவங்களையும் ஒரு தொட்டியில இழுத்திருக்காங்க, பகல்ல ஜோர்டான்காரன் கண்ணுல படாம கம்பிய கீழ இறக்கிடுவாங்களாம். அப்புறம் 1967 வரை ரெண்டு நாட்டுக்கும் நடுவுல முள்கம்பி போட்ட எல்லை. யோசுவா காலத்து எல்லை வேலைக்கே திரும்பிட்டு போல.

போட்டோ எல்லாம் மகன் போன்ல இருக்கு, வாங்கி அனுப்புறேன். உன் முட்டிக்கு டாக்டர் ஆபரேஷன்னு சொன்னாரா இல்ல மாத்திரையே போதும்னாரா, எழுதல நீ. நோம்பு ஆரம்பிச்சதும் மேலப்பாளையம் வாறேன், கஞ்சி எனக்கு ஒரு தூக்குச்சட்டில தனியா எடுத்து வை, போன தடவை மாதிரி அடிச்சட்டிய வழிச்சு ஊத்தாத.

உன்,
டேவிட்