பாய் பிறகு வாங்கலாம்

சித்தியவான், மலேசியா

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதமும் படகின் படங்களும் வந்து சேர்ந்தன. நம் தோட்டத்துப் பிள்ளை இங்கிலாந்தில் சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருக்கிறான் என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. நாம் குடியிருந்த பழைய லய வீடுகளை இடித்துவிட்டு செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி. மற்றபடி எல்லாரும் நலம்.

சரி, படகுக்கு வருகிறேன். குளிர்காலத்துக்குள் காற்றுப் பிடிக்கும் புதுப் பாய், புது பெயிண்ட், புது மெத்தை என்று நீ போட்டிருக்கும் திட்டத்தைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. லுமுட் பக்கம் கரையேற்றிய படகுகளில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தண்ணீர் உள்ளே வரக்கூடிய இடத்துக்கும் பாய்மரத்தைத் தாங்கும் இடத்துக்கும்தான் முதல் செலவு. பாயை அடுத்த வருஷம் வாங்கலாம்.

படகின் அடியில் கடல் தண்ணீர் வரும் வால்வுகளை முதலில் பார். 1970களில் கட்டிய படகு என்கிறாய். நடுவில் யாராவது சாதாரண பித்தளை வால்வு மாட்டியிருக்கலாம். பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைக் கடல் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வெளியே பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும். கத்தி முனையால் சுரண்டு. மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நம்பாதே. இங்கே ஒரு படகில் ஸ்பானர் வைத்து அழுத்தியதுமே வால்வின் கழுத்து பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது. நடுக்கடலில் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லாவற்றையும் வெண்கலமாக மாற்றிவிடு.

அப்புறம் பாய்மரக் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் தகடுகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே என்று விட்டுவிடாதே. மேல்தளத்துக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தேங்கி, காற்றுப் படாமல் கிடந்தால் அதுவும் அரிக்கும். கழற்றினால்தான் தெரியும். கம்பிகளுக்கு என்ன வயசு என்று விற்றவரிடம் கேள். 10 வருஷம் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் பலர் மாற்றச் சொல்வார்கள். தகடுகளைச் சுற்றி மேல்தளத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. டொக் டொக்கென்று தெளிவாகக் கேட்ட சத்தம் ஓரிடத்தில் மந்தமானால், உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போயிருக்கலாம்.

ஊறியிருந்தாலும் ஜனவரியிலேயே எபாக்சி, அதாவது கலந்ததும் இறுகும் ரெசின் பசை, பூச இறங்காதே. இங்கே வெயிலில் எபாக்சி கலக்கிவிட்டுக் கொஞ்சம் அசந்தால் குவளையிலேயே சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். உன் ஊரில் நேர்மாறு. 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான எபாக்சி சரியாக இறுகாது. குளிரில் கழற்று, அளவெடு, சாமானுக்கு ஆர்டர் போடு, ஈரத்தைக் காயவிடு. பூசுவதும் ஒட்டுவதும் ஏப்ரலில்.

எஞ்சினை மட்டும் உறைபனிக்கு முன்னால் முடித்துவிடு. உள்ளே நிற்கும் கடல் தண்ணீரை நல்ல தண்ணீரால் அலசி, உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் ஓடவிடு. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும், இரும்பே பிளந்துவிடும். பம்ப்பில் இருக்கும் ரப்பர் சக்கரத்தையும் கழற்றி வை.

தகடுகளைக் கழற்றியதும் படம் அனுப்பு. தளத்துக்குள் மறைந்திருந்த பாகம் நன்றாகத் தெரியட்டும். சித்திரையில் மகளைப் பார்க்க அந்தப் பக்கம் வருகிறேன். எபாக்சி கலக்கும் வேலையை எனக்கு விட்டுவை.

அன்புடன்,
உன் தோட்டத்துக் கூட்டாளி