முதியோர் ஆலோசனை அறைக்கான நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

திருகோணமலை நகரிலும் அதனை அண்டிய உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளிலும் வாழும் முதியோர், வீட்டில் தமக்கு நேரும் துன்பங்களைத் தனித்திருந்து சொல்வதற்கென எமது முதியோர் சங்கக் கட்டடத்தின் பின்புறம் ஓர் அறை கட்டி வருகிறோம். அத்திவாரம் முடிந்துவிட்டது, சுவரும் கூரையும் எஞ்சியுள்ளன. இப்போது மண்டபத்தின் ஒரு மூலையில், மற்றவர் காதில் விழும் தூரத்தில்தான் முறைப்பாடு கேட்கிறோம். கூட்டிவந்த மகனோ மருமகளோ பக்கத்தில் அமர்ந்து எல்லாக் கேள்விக்கும் தாமே பதில் சொல்லும்போது, அந்த அம்மா "ஒரு குறையும் இல்லைத் தம்பி" என்பதற்கு மேல் எதைச் சொல்வார்?

உலகில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோவொரு கொடுமைக்கு உள்ளாகிறார் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அடிப்பது மட்டும் கொடுமையன்று. ஓய்வூதியம் எடுக்கும் வங்கி அட்டை பிறர் கையில் இருப்பதும், கிளினிக் கொப்பியில் மாதக்கணக்காக மருந்து எடுத்த பதிவு இல்லாதிருப்பதும், உடைந்த மூக்குக்கண்ணாடி மாற்றப்படாமல் கிடப்பதும், மேற்கையில் விரல் பதிந்தாற்போலக் கண்டல் தெரிவதும் விசாரிக்கப்பட வேண்டியவை. (குருதி உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இலேசாகப் பட்டாலும் கண்டிப்போகும், ஓர் அடையாளத்தை வைத்து எவரையும் குற்றவாளியாக்குவது எமது நோக்கமன்று.) காணி உறுதியை ஒட்டி நடப்பதுதான் வெளியில் வர மிகவும் தயங்குவது. உயிருள்ளவரை குடியிருக்கும் சீவிய உரித்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் வீட்டை எழுதிக்கொடுத்த பெற்றோர், விறாந்தைக்கு மாற்றப்பட்ட பின்னரும் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று வாய் திறப்பதில்லை.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் வன்முறை இருப்பின், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். சட்டம் இருந்தும், விண்ணப்பத்தை நிரப்பவும் பிரதேச செயலகத்துக்குத் துணை போகவும் ஆளில்லாமல் பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர்.

ஆகவே சேரும் நிதியில் அறை வேலை முடிந்ததும், முறைப்பாட்டுப் பதிவேடுகளுக்குப் பூட்டுள்ள இரும்பு அலுமாரி வாங்கப்படும். எஞ்சுவது முச்சக்கர வண்டிக் கூலிக்கும் தொண்டர் பயிற்சிக்கும் செலவாகும். முதியவரைத் தனியே விசாரிப்பதும், அவர் சொன்னதைத் திகதியிட்டு அவர் சொற்களிலேயே எழுதுவதும், அவருடைய சம்மதமின்றி வீட்டாரோடு வாதிடப் போகாதிருப்பதும் பயிற்சியின் முதற் பாடங்கள், ஏனெனில் அன்று மாலையே அவர் அந்த வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். உயிராபத்து என்றால் மட்டும் தாமதியாது பொலிஸ் அவசர இலக்கமான 119 ஐ அழைக்க வேண்டும்.

சீமெந்து மூடை, கூரைத் தகரம், மின்விசிறி என்று பொருளாகவும் தரலாம். மாதம் 500 ரூபா தருவோரும் எமக்குப் பெருந்துணையே. நிதி திரட்டுவதற்காகப் பாதிக்கப்பட்ட எவருடைய படத்தையும் கதையையும் வெளியிட மாட்டோம். அவற்றைக் கேட்டு எம்மை அழுத்த வேண்டாம். பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் சங்கத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
கட்டட நிதிக் குழுவினர்,
திருகோணமலை.