விண்டோஸ்காரர்களைக் கைவிடாதே

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உடம்பு தேவலை என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்கவே மனம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் பொழுதெல்லாம் கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள், பள்ளி கொடுத்த விண்டோஸ் லேப்டாப்பில்தான். என் புது வேலையைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

"இனிமேல் விண்டோஸ், மேக் ஆட்களின் புகார்களைத் திறந்துகூடப் பார்க்கப் போவதில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் பேச வேண்டும். நீ சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து எழுதிய நிரலை இலவசமாக எடுத்துக்கொண்டு, "இதுகூட வேலை செய்யாதா? நாளைக்குள் சரிசெய்" என்று ஒருவன் எழுதினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? எந்த உத்தரவாதமும் கிடையாது என்று உரிமத்திலேயே போட்டிருக்கிறது. அதை எவன் படிக்கிறான்?

ஆனால் அவன் திரையில் என்ன தெரிகிறது என்று கொஞ்சம் பார். யார் எழுதியது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத உன் நிரலை இறக்கித் திறந்ததும் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டி, உன் கணினியைக் காப்பாற்றிவிட்டேன் என்கிறது. கண்ணில் படுவது 'இயக்காதே' என்ற பொத்தான் மட்டும். 'மேலும் தகவல்' என்று சின்னதாக இருக்கும் எழுத்தைத் தட்டினால்தான், 'எப்படியும் இயக்கு' என்ற இன்னொரு பொத்தான் தலைகாட்டும். மேக்கில் இன்னும் மோசம். முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் போதும். 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அமைப்புகளுக்குள் நுழைந்து, பாதுகாப்புப் பகுதியைத் தேடிப் பிடித்து, அங்கே அனுமதி கொடுக்க வேண்டும். இது வராமலிருக்க வேண்டுமென்றால் நீ ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர் கட்டி, ஒவ்வொரு பதிப்பையும் அனுப்பி முத்திரை வாங்க வேண்டும். விண்டோஸுக்கான சான்றிதழ் தனிச் செலவு.

இதெல்லாம் அவனுக்கு எங்கே தெரியப் போகிறது? நீ வைரஸ் கொடுக்கிறாய் என்றுதான் நினைப்பான். கதவைப் பூட்டியது ஒருவர், திட்டு வாங்குவது நீ. "விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறிக்கொள்" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடுகிறீர்கள். அலுவலகம் கொடுத்த கணினியில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாதவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? என் மகளும் விண்டோஸைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவள் கையில் அதுதான் வந்தது.

நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்துவைக்கும் உங்கள் திறமூலக்காரர்களின் பிடிவாதத்துக்கும் கதை உண்டு. படம் பார்க்கும் செயலி விஎல்சி நினைவிருக்கிறதா? 2010-இல் ஐபோனுக்கு வந்த வேகத்தில், 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து போய்விட்டது. புகார் கொடுத்தவர் அதை எழுதியவர்களிலேயே ஒருவர். ஸ்டோரின் விதிமுறைகள், யாரும் எடுத்து மாற்றலாம், பகிரலாம் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்துக்கு முரணானவை என்பது அவர் வாதம். வாதம் சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஆப்பிள் ஒரு விதியையும் தளர்த்தவில்லை. எழுதியவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கி, உரிமத்தை மாற்றி, 2013-இல் திரும்பக் கொண்டுவந்தது விஎல்சி ஆட்கள்தான். நடுவில் நஷ்டப்பட்டது போனில் படம் பார்க்க நினைத்தவன்.

சரி, உன் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லவரவில்லை. எக்ஸ்இசட் விவகாரத்தைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். கோப்புகளைச் சுருக்க உதவும் அது, சம்பளமில்லாமல், தனியாளாக ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நிரல். மனநலம் சரியில்லை என்று அவர் எழுதிய பிறகும், ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடு என்று சிலர் விடாமல் நச்சரித்தார்கள். அந்தக் கணக்குகளே போலி என்றுதான் இப்போது பலரும் நம்புகிறார்கள். உதவ வந்தவன்போல் உள்ளே நுழைந்தவன் 2024-இல் அதில் கொல்லைப்புறக் கதவு வைத்தான், அதாவது அடுத்தவர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழி. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். அவர் வேலை பார்ப்பது எங்கே தெரியுமா? நீ திட்டித் தீர்க்கும் மைக்ரோசாஃப்டில்! திறமூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸை எழுதுபவர்களில் அவரும் ஒருவர். இப்படிப்பட்டவரை எந்தக் கட்சியில் சேர்ப்பாய்?

கிரிட்டாக்காரர்கள் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலைக்கு. இலவசத்தை விற்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். விற்கக் கூடாது என்று எந்த ஜிபிஎல்லில் எழுதியிருக்கிறது? எச்சரிக்கைப் பெட்டியின் தொல்லை வேண்டாதவன் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும், சான்றிதழ் செலவுக்காவது ஆகும். நீயும் யோசித்துப் பார்.

அதுவரை ஒன்று செய். விண்டோஸ் புகார்களை எனக்குத் தள்ளிவிடு. எந்தப் பதிப்பு, என்ன பிழைச்செய்தி என்று நானே கேட்டு, இங்கே ஓட்டிப் பார்த்து, உண்மையான பக் என்றால் மட்டும் உன்னிடம் அனுப்புகிறேன். வெறுமனே திட்டுபவனுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்குத் தோல் தடிமன். மேக் என்னிடம் இல்லை, அதற்கு வேறு யாரையாவது பிடி. நிறுத்தப் போவதாக நீ எழுதி வைத்திருக்கும் அறிவிப்பை மட்டும் இந்த வாரம் போடாதே. சோதனைப் பதிப்பை எப்போது அனுப்புகிறாய்?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்