நிலவாகைத் தேநீர்: அளவும் நாளும் சொல்லாமல் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இணைப்பிதழின் மூலிகைத் தேநீர்க் குறிப்புகளில் நிலவாகையும் இடம்பெற்றிருந்தது. உடல் இளைக்க, இலைத்தூளைக் கொதிக்கவைத்துக் காலை மாலை இரு வேளையும் பருகலாம் என்று எழுதியிருந்தார்கள். எத்தனை கிராம், எத்தனை நாள், யார் தொடக்கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. துளசி, செம்பருத்திப்பூ வரிசையில் நிலவாகையை உட்கார வைத்ததுதான் முதல் கோளாறு. அது பேதி மருந்து. அளவறிந்து எடுத்தால் மலச்சிக்கலுக்கு அருமையான மருந்து. ஆனால் தேயிலைக்கு மாற்றாக நாள்தோறும் குடிக்கிற சரக்கு அல்ல.

நிலாவரை, சென்னா என்றும் இதைச் சொல்வார்கள். தாயகம் அரேபியாவும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும். ஆனாலும் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வெகுகாலமாகப் பயிராகி வருவதால், உலக மருந்துச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே ஒரு ரகத்துக்குப் பெயர். சித்த மருத்துவத்தில் இது நிலவாகைச் சூரணம். ஆங்கில மருத்துவத்தில் சென்னோசைடு மாத்திரை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. சித்த மருத்துவரும் ஆங்கில மருத்துவரும் ஒருசேர ஒப்புக்கொண்ட மூலிகை இது. அவர்கள் இருவருமே இதைத் தேவைப்படும்போதுதான் கொடுக்கிறார்கள், தினப்படிக்கு அல்ல.

உடல் இளைக்கும் என்ற பேச்சை முதலில் தீர்த்துவிடலாம். இலையில் இருக்கும் சென்னோசைடுகள் இரைப்பையையும் சிறுகுடலையும் ஏறக்குறைய மாறாமலேயே கடந்துவிடுகின்றன. பெருங்குடலுக்குப் போன பிறகுதான் அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து ‘ரீன் ஆந்த்ரோன்’ என்ற பொருளாக்குகின்றன. குடலின் அசைவைத் தூண்டுவதும், மலத்திலுள்ள நீரை உடல் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுப்பதும் அந்தப் பொருள்தான். சாப்பாட்டின் மாவுச்சத்தும் கொழுப்பும் புரதமும் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு முடிந்திருக்கும். ஆகவே, மறுநாள் எடைமேடையில் குறைந்து தெரிவது நீரும் மலமும் மட்டுமே. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாலு செம்பு தண்ணீர் உள்ளே போனதும் எடை பழையபடி ஏறிவிடும்.

இந்த வேலை நடக்க 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் படுக்கப் போகும்போது குடிக்கச் சொல்வது. காலையில் குடித்தவருக்கு மாலையில் பேருந்தில் நிற்கும்போது வயிறு முறுக்கும். இன்னொரு தவறு இதைவிட மோசமானது: இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று அடுத்த குவளையையும் குடிப்பது. இரண்டும் சேர்ந்து நடுராத்திரியில் கணக்குத் தீர்க்கும்.

அளவுக்கு வருவோம். தரமான இலையில் சுமார் 2.5 விழுக்காடு சென்னோசைடு இருக்க வேண்டும். அதாவது 1 கிராம் இலையில் 25 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் போதும். எனவே 1 கிராம் உலர்ந்த இலையில் தொடங்குவதே முறை. 2 கிராமைத் தாண்டவே கூடாது. ‘ஒரு தேக்கரண்டி’ என்று எழுதுவதில் ஆபத்து இருக்கிறது. நொறுக்கிய இலை கரண்டியில் காற்றோடு உட்காரும்; நைசாக அரைத்த தூளோ அதே கரண்டியில் இரண்டு மடங்கு எடைக்கு மேல் அமுங்கும். வீட்டில் சிறிய தராசு இல்லாவிட்டால், நாட்டுமருந்துக் கடையில் 10 கிராம் இலையை நிறுத்து வாங்கி, தாளில் பரப்பிப் பத்துப் பொட்டலமாகப் பிரித்துக்கொள்ளலாம். காம்பும் குச்சியும் கலந்திருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டுப் பிரியுங்கள்.

பொட்டலம் ஒன்றைக் குவளையில் போட்டு, கொதித்து இறக்கிய நீர் 150 மில்லி ஊற்றி, மூடி வைத்து 10 நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இலையை அடுப்பிலேற்றிக் கொதிக்கவிட வேண்டாம். அடியில் தங்கும் தூளையும் விழுங்க வேண்டாம். வடிநீரில் ஒரு பங்கு சாரம்தான் இறங்குகிறது, தூளோடு விழுங்கினால் முழுவதும் உள்ளே போய்விடும். வயிற்று முறுக்குக்கு அரைத் தேக்கரண்டி சோம்பையோ சிறு துண்டு சுக்கையோ தட்டி இலையோடு சேர்ப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. முறுக்கு அதிகம் வருகிறவர்கள் குளிர்முறையைப் பார்க்கலாம்: ஆறவைத்த குடிநீரில் காலையிலேயே இலையை ஊறப்போட்டு, பத்து மணி நேரம் கழித்து இரவில் வடித்துக் குடிப்பது. நிறம் வெளுத்திருக்கும், வேலை நடக்கும்.

மறுநாள் மலம் இளகி, உருவம் கெடாமல் போக வேண்டும். அதுதான் சரியான அளவுக்கு அடையாளம். தண்ணீராகப் போனால் அளவு கூடிவிட்டது என்று பொருள். அடுத்த முறை பாதியாக்குங்கள். போகவேயில்லை என்றால் அன்றே மறுபடி குடிக்காமல், அடுத்த இரவில் ஒன்றரைக் கிராமாக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று இரவு போதுமானது. ஒரு வாரத்துக்கு மேல் வேண்டியிருக்கிறதென்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய மலச்சிக்கல் அது.

பலர் இதிலிருந்து மீள முடியாமல் போவது ஒரு எளிய தப்புக்கணக்கால்தான். பேதி நன்றாக ஆன பிறகு பெருங்குடல் காலியாக இருக்கும். அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் மலம் வராதது இயற்கை. அதைப் புதிய மலச்சிக்கல் என்று எண்ணி அடுத்த நாளே மறுபடி குடிக்கிறார்கள்; மறுபடி காலியாகிறது, மறுபடி வரவில்லை. ‘இது இல்லாமல் எனக்குப் போகாது’ என்ற நம்பிக்கை இப்படித்தான் வேரூன்றுகிறது.

சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். இலையின் கழிவு நிறம் அது. மாதக்கணக்கில் குடித்தவர்களின் பெருங்குடல் உட்சுவர் கறுத்துப் போவதுண்டு. நிறுத்தினால் பெரும்பாலும் தானே மறையும். பயப்பட வேண்டியது பொட்டாசியத்துக்கு. தொடர்ந்து பேதியாகும்போது நீரோடு பொட்டாசியமும் போகிறது. தசை தளர்கிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. டைகாக்சின் எடுக்கும் இதய நோயாளிக்குப் பொட்டாசியம் குறைவதே அந்த மருந்தை நஞ்சாக்கப் போதும். பியூரோசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர்பிரி மாத்திரைகளும், ஸ்டீராய்டு மாத்திரைகளும் தம் பங்குக்குப் பொட்டாசியத்தைக் குறைப்பவை. அதிமதுரமும் அப்படியே. எனவே நிலவாகையையும் அதிமதுரத்தையும் ஒன்றாகப் போட்ட ‘மூலிகைக் கலவை’ கண்டால் விலகிவிடுங்கள். மருத்துவர் எழுதிய சென்னோசைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, அதன் மேல் சூரணம், அதன் மேல் தேநீர் என்று ஒரே மருந்தை மூன்று பெயரில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, வயிற்று உப்பலோடு வாயுவும் பிரியாத நிலை இருக்கும்போது நிலவாகையைத் தொடவே கூடாது. அது குடல்வால் அழற்சியாகவோ குடலடைப்பாகவோ இருக்கலாம். அடைத்த குடலைத் தூண்டிவிடுவது உயிருக்கே உலை. குடல்புண் அழற்சி நோயாளிகள், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரும் தாமாக எடுக்கக்கூடாது. மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைவு, ஐம்பது வயதுக்கு மேல் திடீரெனத் தொடங்கிய மலச்சிக்கல் இவற்றுக்குத் தேநீர் பதில் அல்ல. அதுபோக, இரும்புச்சத்து மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, அலுமினியம் கலந்த அமிலநீக்கி, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாமே மலத்தைக் கட்டும். அங்கே மாற்ற வேண்டியது அந்த மாத்திரையைத்தான், மருத்துவரிடம் கேட்டு.

ஆவாரையோடு இதைக் குழப்புகிறவர்கள் நிறைய. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை நிலவாகைக்குச் சான்றாக எடுத்துப் போடுவதையும் பார்க்க முடிகிறது! இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் ஆவாரை இலையில் பேதியாக்கும் சென்னோசைடு இல்லை. அந்த இலையை நிலவாகையில் கலப்படம் செய்வதும் உண்டு. கலப்படச் சரக்கை வாங்கியவர் பலன் இல்லையென்று அளவை ஏற்றிக்கொண்டே போவார். அடுத்த முறை அசல் சரக்கு கிடைத்ததும் அதே அளவில் குடித்துப் படுத்துவிடுவார். பார்த்துத் தெரிந்துகொள்வது கடினமல்ல. நிலவாகைச் சிற்றிலை ஈட்டிபோல நுனி கூர்ந்து, வெளிர் பச்சையாக இருக்கும். அடிப்பகுதியில் நடுநரம்பின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். ஆவாரைச் சிற்றிலையின் நுனி மழுங்கி, சின்ன முள்போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தூளாக வாங்கினால் இதெல்லாம் பார்க்க வழியில்லை. ஆகவே இலையாகவே வாங்குங்கள். ஈரம் படாமல், வெயில் படாமல் இறுக மூடி வையுங்கள்.

‘ஸ்லிம்மிங் டீ’, ‘டீடாக்ஸ் டீ’ என்ற பொட்டலங்களில் நிலவாகை என்று எழுதியிருக்காது. ‘சென்னா’, ‘காசியா அங்குஸ்டிபோலியா’, ‘சென்னா அலெக்ஸாண்ட்ரினா’ என்ற பெயர்களில் எது இருந்தாலும் இதே சரக்குதான். தங்கள் இணைப்பிதழ் திருத்தம் வெளியிடும்போது இந்தப் பெயர்களையும் 1 கிராம், ஒரு வாரம் என்ற இரண்டு எண்களையும் அச்சிட வேண்டுகிறேன்.

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஏற்கெனவே தினமும் குடித்துவருகிறவர்கள் இன்றே நிறுத்தலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் மலம் வராமல் போகக்கூடும். அந்த நாள்களில் ஒரு தேக்கரண்டி இசப்கோலை ஒரு முழுக் குவளை நீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு குவளை தண்ணீர் குடிக்கலாம். இசப்கோலை மட்டும் படுக்கும் நேரத்தில் வேண்டாம், பகலில் எடுங்கள். நீராகப் பேதியாகிக்கொண்டிருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல். தசைத் தளர்ச்சியோ படபடப்போ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய், எத்தனை நாள் நிலவாகை குடித்தீர்கள் என்பதைச் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
மூலிகை மருந்தாளுநர் ஒருவர்