30 நாள் கெடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் வக்கீலாகப் பதிவு செய்துவிட்டாள் என்றதும், நமக்கு வயதாகிவிட்டதுதான் முதலில் உறைத்தது! அவளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

டெக்சாஸில் கிரிமினல் அப்பீல் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். நடப்பது இருக்கட்டும், வாசலிலேயே திரும்பிப் போவதைச் சொல்கிறேன். தண்டனை விதித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். மறுவிசாரணை கேட்டு உரிய காலத்தில் மனு போட்டிருந்தால் 90 நாள். தவறினால் இன்னும் 15 நாள் உண்டு, ஆனால் நோட்டீஸும் கால நீட்டிப்பு மனுவும் அதற்குள் போய்விட வேண்டும். அதுவும் தாண்டினால் 'அதிகார வரம்பு இல்லை, அப்பீல் தள்ளுபடி' என்று ஒன்றிரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள்.

போன மாதம் அப்படி ஓர் உத்தரவோடு ஓர் அம்மா நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். "அப்போ என் பையன் குற்றவாளிதான்னு மறுபடியும் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லையம்மா, யாரும் வழக்குக் கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டு அவருக்கு ஆறுதலா, ஆத்திரமா, தெரியவில்லை.

நீயாக இருந்தால் இந்தியாவின் லிமிடேஷன் சட்டம் (காலவரம்புச் சட்டம்) 5-ஆம் பிரிவில் ஒரு மனு போட்டுத் தாமதத்தை மன்னிக்கச் சொல்வாய். இங்கே அப்பீல் நீதிபதிக்கு மனம் இருந்தாலும் வழியில்லை. மாநிலத்தின் கிரிமினல் அப்பீல் நீதிமன்றம் 1996-லும் 1998-லும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது.

மத்திய நீதிமன்றங்களிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஒஹையோவில் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரின் ஹேபியஸ் மனு (சிறைவைப்பு சட்டப்படி செல்லாது என்று கேட்கும் மனு) தள்ளுபடியானது. அப்பீல் கெடு தாண்டிவிட்டதால் அதை மறுபடி திறக்கக் கேட்டார்; அப்படித் திறந்தால் சட்டப்படி 14 நாள்தான் அவகாசம், நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்துவிட்டார். கைதி 16-ஆம் நாள் தாக்கல் செய்தார். 2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவரைத் திருப்பி அனுப்பியது. நீதிபதியின் உத்தரவை நம்பியவரை இப்படியா நடத்துவது என்று நீதிபதி சூட்டர் மாறுபட்ட தீர்ப்பில் பொரிந்து தள்ளியிருப்பார். மகளைப் படிக்கச் சொல்.

டெக்சாஸில் கொல்லைப்புறமாக ஒரு வழி இருக்கிறது. வக்கீலின் அசட்டையால் அப்பீல் உரிமை போனது என்று நிரூபித்தால், டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 11.07 பிரிவு ஹேபியஸ் மனுவில் ஆஸ்டினில் உள்ள கிரிமினல் அப்பீல் நீதிமன்றம் காலம் கடந்த அப்பீலுக்கு அனுமதி தரலாம். பெருங்குற்ற வழக்குகளுக்குத்தான் இது. அப்புறம் கெடு புதிதாக ஓடத் தொடங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் கோட்டை விட்டது வக்கீல், உள்ளே இருந்துகொண்டு அதை நிரூபிக்க வேண்டியது கட்சிக்காரர். அந்தக் கட்டத்தில் அரசு செலவில் வக்கீல் கேட்க அரசியலமைப்பு உரிமையும் கிடையாது. எனக்கு இதுதான் ஜீரணமாகவில்லை.

அங்கே ஜெயில் அப்பீல் (கைதி சிறையிலிருந்தே அனுப்பும் அப்பீல்) பிந்தி வந்தால் நடைமுறையில் எவ்வளவு தாராளமாக மன்னிக்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. முதுகுவலியைச் சாக்குச் சொல்லாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்